16 ஆண்டு காத்திருந்த கேமரா

வணக்கம். பின்னால் குக்கர் விசில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எனக்குக் கிடைத்த மூலை இதுதான். பேசப்போவதோ மௌனத்தைப் பற்றி!

பிரான்சில் ஆல்ப்ஸ் மலைக்குள் கிராந்த் ஷார்த்ரூஸ் என்றொரு மடம். 1084இல் புனித புரூனோ தொடங்கியது. அங்குள்ள துறவிகள் தேவையின்றி வாய் திறப்பதில்லை. ஜெர்மானிய இயக்குநர் பிலிப் குரோனிங், அவர்களைப் படமெடுக்க 1984இல் அனுமதி கேட்டார். இப்போது வேண்டாம் என்றார்கள். 16 ஆண்டு கழித்து, வரலாம் என்று அவர்களே சொன்னார்கள். நானெல்லாம் மின்னஞ்சலுக்கு மூன்று நாளில் பதில் வராவிட்டால் வேறு ஆளைத் தேடிக் கிளம்பிவிடுவேன்.

தனியாக வர வேண்டும், விளக்கு கூடாது, பின்னணி இசை கூடாது, வர்ணனை கூடாது. இந்த நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டு, மடத்து அறையொன்றில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கினார். 2005இல் வந்தது 'இன்டு கிரேட் சைலன்ஸ்' என்ற அந்த ஆவணப்படம். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. முதல் அரை மணியில் நான் இரண்டு முறை கைபேசியை எடுத்தேன், மறைப்பானேன்! பிறகு ஒரு கிழவர் தட்டோடு வந்து பூனைகளைக் கூப்பிட்டார். மனிதரிடம் பேசாதவர் பூனையிடம் பேசுகிறார். கைபேசியை வைத்துவிட்டேன்.

இதற்கு நேரெதிர், அமெரிக்க இயக்குநர் பிரெடெரிக் வைஸ்மேனின் 1967 ஆவணப்படம் 'டிட்டிகட் ஃபாலிஸ்'. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குற்றம் சாட்டப்பட்ட மனநோயாளிகளை அடைத்துவைத்த பிரிட்ஜ்வாட்டர் மருத்துவமனைதான் களம். ஒரு மருத்துவர் வாயில் சிகரெட் புகைய, கைதியின் மூக்கில் குழாய் செருகி உணவு ஊற்றுகிறார். சாம்பல் இதோ விழுந்துவிடும் என்று தொங்குகிறது. கதவைத் திறந்துவிட்ட அரசே பின்னர் வழக்குப் போட்டது. கைதிகளின் அந்தரங்கத்தைக் காரணம் காட்டிப் பொதுத் திரையிடலுக்குத் தடை, 1991 வரை. அந்தரங்கமா, அரசின் மானமா? எடுத்தே தீர வேண்டிய படம்தான். ஆனாலும் அதில் ஆடையின்றி நிற்கும் கைதியிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்களே என்று ஒவ்வொரு முறையும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறேன்.

மடத்துக்கே திரும்புகிறேன். வாரம் ஒருமுறை துறவிகள் நடைப்பயணம் போகிறார்கள். அப்போது பேசலாம். கிடைத்த நேரத்தில் எதை விவாதிக்கிறார்கள் தெரியுமா? கைகழுவும் சடங்கு தேவையா, வேண்டாமா என்று! குளிர்காலத்தில் பனிச்சரிவில் ஏறி, வெள்ளை அங்கியோடு வழுக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒருவர் உருண்டு விழ, மற்றவர்கள் சிரிக்கிறார்கள். குரோனிங் கிட்டே ஓடவில்லை. கேமரா தூரத்திலேயே நிற்கிறது. சிரிப்பு மட்டும் மெல்லியதாக நம்மிடம் வந்து சேர்கிறது.