தெரிஞ்சும் மாற மாட்டேங்குதே! ஸ்கீமா தெரபின்னா என்ன, வட சென்னையில அதை எப்படித் தேடுறது?

[காட்சி: தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன், காலை நேரம். கையில போனோட ஒரு பெண். முகம் தெரியாது. பின்னணிக் குரல் ஆரம்பிக்குது.]

அனுப்பின மெசேஜுக்கு நீல டிக் விழுந்து ஒரு மணி நேரம் ஆச்சு. பதில் வரல. நிறைய பேருக்கு இது ஒரு விஷயமே இல்ல. சில பேருக்கு மட்டும் வயிறு கலங்கும். 'போச்சு, இவரும் என்னை விட்டுட்டுப் போகப்போறாரு'ன்னு மனசு அடிச்சுச் சொல்லும். அப்படியெல்லாம் இல்லைன்னு அறிவுக்குத் தெரியும். உடம்புதான் கேக்காது.

அறிவுக்குத் தெரிஞ்சும் மனசுக்குள்ள இறங்காத இந்த இடத்துலதான் ஸ்கீமா தெரபி வேலை செய்யுது. ஸ்கீமான்னா, சின்ன வயசுல தேவையானது கிடைக்காம போனதால, நம்மைப் பத்தியும் மத்தவங்களைப் பத்தியும் உள்ளுக்குள்ள ஊறிப்போன ஒரு ஆழமான நம்பிக்கை. இதை உருவாக்கினவர் ஜெஃப்ரி யங்ங்கிற அமெரிக்க உளவியலாளர். காக்னிடிவ் தெரபியை உருவாக்கின ஏரன் பெக்கோட வேலை செஞ்சவர். எண்ணத்தைச் சோதிச்சுப் பார்த்து மாத்துற அந்த முறை பலருக்கு உதவினாலும், சின்ன வயசுலேர்ந்தே ஊறிப்போன வலி உள்ளவங்களுக்குப் போதலைன்னு அவர் கவனிச்சார். 1980-கள்ல அதையே அடித்தளமா வச்சு இந்த முறையைக் கட்டினார்.

[காட்சி: காசிமேடு துறைமுகம், விடியற்காலை மீன் ஏலம்.]

ஒரு வீட்டைக் கற்பனை பண்ணிக்குவோம். அப்பா விசைப்படகுல போனா திரும்பி வர நாளாகும். அம்மா விடியறதுக்கு முன்னாடியே ஏலத்துக்குக் கிளம்பிடுவாங்க. ஒன்பது வயசு மூத்த பொண்ணுதான் தம்பி தங்கச்சிக்குச் சோறாக்கிப் போடுறா. "எம் பொண்ணு கெட்டிக்காரி"ன்னு அம்மா தெருவெல்லாம் சொல்லுவாங்க. அவ எப்ப அழுதான்னு யாரும் பார்க்கல. பார்க்க யாருக்கும் நேரமில்ல.

இன்னிக்கு அவளுக்கு முப்பது வயசு தாண்டிடுச்சு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஒரு துணிக்கடையில சூப்பர்வைசர். காய்ச்சல் அடிச்சாலும் மத்தவங்க வேலையையும் சேர்த்துப் பார்ப்பா. "இன்னாம்மா, ஒரு மாதிரி இருக்க?"ன்னு புருஷன் கேட்டா, "ஒண்ணுமில்ல"ம்பா. ராத்திரி மட்டும், தனக்குன்னு யாருமே இல்லைன்னு நெஞ்சை அடைக்கும்.

யங் மொத்தம் 18 ஸ்கீமாக்களைப் பட்டியல் போட்டிருக்கார். இந்தப் பொண்ணுகிட்ட ரெண்டு தெரியுது. தன்னை விட்டுட்டு மத்தவங்களுக்காகவே வாழுறது ஒண்ணு. தனக்கு அன்பும் அரவணைப்பும் எப்பவுமே கிடைக்காதுன்னு உள்ளுக்குள்ள நம்புறது இன்னொண்ணு. ஸ்கீமா கிளறப்படும்போது நாம மூணு விதமா நடந்துக்கிறோம்: அதுக்கே பணிஞ்சு போறோம், அந்த வலியே தெரியாம விலகி ஓடுறோம், இல்லேன்னா நேர் எதிரா மோதுறோம். குடியில மூழ்குறதும் ஓடுறதுதான். ஓயாம வேலை செய்யறதும் சில நேரம் அதேதான்.

அப்போ இது பெத்தவங்களைக் குத்தம் சொல்ற வைத்தியமான்னு பலரும் கேக்குறாங்க. இல்ல. அந்த அம்மா ஏலத்துக்குப் போகலைன்னா வீட்டுல உலை கொதிக்காது. அவங்க மேல தப்பில்லாமலேயே ஒரு குழந்தையோட தேவை விட்டுப்போயிருக்கலாம். ரெண்டுமே உண்மை. ரெண்டையும் ஒண்ணா ஏத்துக்க இடம் கொடுக்கிறதாலதான் இந்த முறை மேல எனக்கு இவ்வளவு மதிப்பு.

[காட்சி: ஒரு அறை, எதிரெதிரா ரெண்டு நாற்காலி.]

அறைக்குள்ள என்ன நடக்கும்? பேச்சோட நிக்காது. ஒரு நாற்காலியில உட்கார்ந்து, 'நீ சரியில்ல, இன்னும் செய்'ன்னு உள்ளே திட்டுற குரலா பேசுவீங்க. எதிர் நாற்காலிக்கு மாறி, அதுக்குப் பதில் சொல்லுவீங்க. கண்ணை மூடி அந்த ஒன்பது வயசுக் காட்சிக்குப் போவீங்க. அந்தக் காட்சிக்குள்ள தெரபிஸ்ட் வந்து, அந்தப் பிள்ளைக்கு அன்னிக்குத் தேவைப்பட்டதைச் செய்வார். நடந்தது மாறாது. அந்த நினைவோட ஒட்டியிருக்கிற அர்த்தம் மாறும்.

அன்னிக்குக் கிடைக்காத பரிவை, தொழில் எல்லைக்குள்ள நின்னு, தெரபிஸ்ட் ஓரளவு கொடுக்கிறதுதான் இதோட மையம். அந்த எல்லை ரொம்ப முக்கியம். ரகசிய நெருக்கம், பணம் கைமாத்து, வெளியே தனியா சந்திக்கக் கூப்பிடுறது, இதுல எது நடந்தாலும் அது சிகிச்சை இல்ல. உடனே வெளியே வாங்க.

இது சீக்கிரம் முடியற சமாச்சாரமும் இல்ல. பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு (உணர்ச்சியும் உறவும் சட்டுன்னு தலைகீழா மாறுற நிலை) உள்ளவங்களோட நெதர்லாந்துல நடந்து 2006-ல வெளியான ஆய்வுல, வாரம் ரெண்டு அமர்வுன்னு மூணு வருஷம் வரைக்கும் சிகிச்சை கொடுத்தாங்க. ஒப்பிட்டுப் பார்த்த இன்னொரு சிகிச்சையை விட இதுல குணமானவங்க அதிகம், பாதியில நின்னவங்க குறைவு. மத்த ஆளுமைக் கோளாறுகளுக்கு 2014-ல வெளியான ஆய்வு 50 அமர்வுகள்லயே நல்ல பலன் காட்டுச்சு.

[காட்சி: வியாசர்பாடி, அடுக்குமாடிக் குடியிருப்பு.]

நம்ம பக்கத்து ஆளுங்க தெரபிஸ்ட்டைத் தேடும்போது நான் முதல்ல பார்க்கச் சொல்றது இதைத்தான். இன்டர்வியூவுல வியாசர்பாடின்னு சொன்னதும் எதிர்ல இருக்கிறவர் முகம் மாறுது. அந்த அவமானத்தை 'உங்க ஸ்கீமா'ன்னு மட்டும் சொல்ற தெரபிஸ்ட் பாதியைத்தான் பார்க்கிறார். வாடகை கட்ட முடியாத பயமும் ஸ்கீமா இல்ல. வெளியே நிஜமா நடக்கிற அநியாயம் எது, அது உள்ளே கிளறி விடுற பழைய காயம் எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவர்தான் வேணும். முதல் சந்திப்புல இப்படி ஒரு சம்பவத்தைச் சொல்லிப் பாருங்க. அவர் கேக்குற கேள்வியிலேயே தெரிஞ்சிடும்.

எங்க ஆரம்பிக்கிறது? தூக்கமே இல்ல, சாகணும்னு தோணுது, குடியை விட முடியலைன்னா முதல்ல மனநல மருத்துவரைப் பாருங்க. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. கீழ்ப்பாக்கத்துல 1794-லேர்ந்து வரலாறு உள்ள அரசு மனநலக் காப்பகம் இருக்கு. அந்த ஊர்ப் பேரையே வசவாக்கினது நாமதான். அதுக்குப் பயந்து யாரும் சிகிச்சையை இழக்கக் கூடாது. நடுராத்திரின்னா அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், இலவசம்.

ஸ்கீமா தெரபிக்குன்னே ஆள் தேடுறவங்க, சர்வதேச ஸ்கீமா தெரபி சங்கத்தோட இணையதளத்துல சான்றிதழ் பெற்றவங்களைத் தேடலாம். சான்றிதழ் இல்லாம, பயிற்சி எடுத்துட்டு இந்த முறையில வேலை செய்யறவங்களும் உண்டு. அதனால நேராவே கேளுங்க: இதுல எங்க பயிற்சி எடுத்தீங்க, உங்க வேலையை மேற்பார்வை பார்க்கிற மூத்தவர் இருக்காரா, நாற்காலிப் பயிற்சியும் கற்பனைக் காட்சிப் பயிற்சியும் செய்வீங்களா, நடுவுல நான் உடைஞ்சு போனா எப்படிக் கையாளுவீங்க? கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு சொல்றவர்கிட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேக்கறது உங்க உரிமை. நல்லவங்க கோவிச்சுக்க மாட்டாங்க. கட்டணம் கட்டுப்படியாகலைன்னா குறைக்க முடியுமான்னு கேளுங்க. சிலர் வருமானத்தைப் பார்த்து வாங்குவாங்க.

ஆன்லைன்ல பேசுறது பஸ் செலவை மிச்சப்படுத்தும். ஆனா ஒரே ரூம் வீட்டுல, சுவத்துக்கு அந்தப் பக்கம் மாமியார் இருக்கும்போது, ஒன்பது வயசுல அழுததைப் பத்தி வாய் திறக்க முடியாது. அதை முதல் போன்லயே சொல்லிடுங்க. நேர்ல வர்ற மாதிரி நேரம் கேளுங்க, இல்லேன்னா வீடு காலியா இருக்கிற நேரத்தைச் சொல்லி அதுக்கு ஒத்து வருமான்னு கேளுங்க.