விற்ற பெட்டிக்கு யார் பொறுப்பு?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கிற அண்ணன்மாரே, அக்காவே, இந்த மழைக்குள்ளும் வெள்ளவத்தை வரைக்கும் வந்து சேர்ந்த சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

பிந்தி வந்தவர்களுக்காகத் தலைப்பை ஒருதடவை சொல்லிவிடுகிறேன். கிற்றாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டியை, அதுதான் அம்ப்ளிஃபயர், சுருக்கமாக அம்ப், கையால் செய்கிற ஒரு சின்னப் பட்டறை. நாலைந்து பேர்தான் வேலை. தொடங்கியவருக்கு வயது போய்விட்டது, ஓய்வு எடுக்கப் போகிறார். அவரோடு அந்தப் பெயரும் ஓய்வு எடுக்கட்டும் என்கிறது எதிரணி. பட்டறையில் வளர்ந்த ஆட்களின் கையில் பெயர் தொடரட்டும் என்கிறோம் நாங்கள்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணர் வடிவாகப் பேசினார். "அம்ப் என்பது அதைச் செய்தவரின் காது. காதை உயில் எழுதிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். கைதட்டு விழுந்தது. நானும் தட்டினேன். அண்ணர் கிற்றார் வாசிக்கிறவர், அம்பை முன்பக்கத்தால் பார்க்கிறார். நான் திருத்துகிறவன். முப்பது வருடமாகப் பின்பக்கத்தால் பார்க்கிறேன். பின்பக்கத்தில் நான் இதுவரை ஒரு காதையும் கண்டதில்லை, ஐயா. ட்ரான்ஸ்போமர் கண்டிருக்கிறேன், கரிந்த ரெசிஸ்டர் கண்டிருக்கிறேன், ஒருதடவை பல்லிக் குடும்பம் ஒன்றும் கண்டிருக்கிறேன்.

அந்தக் காதுக் கதையை முதலில் பார்ப்போம். லியோ ஃபெண்டர் 1938 இல் கலிஃபோர்னியாவில் ஃபுலர்ட்டன் என்ற ஊரில் றேடியோ திருத்தும் கடை போட்டவர். அதாவது எங்கள் ஆள். உலகத்தில் பாதிப் பேர் ஆசைப்படுகிற அம்ப்களைச் செய்தார். அந்த மனுசனுக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது! கடைசிவரைக்கும் பழகவில்லை. ஊரில் வாசிக்கிறவர்களிடம் பெட்டியைக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்தித் திருத்திச் செய்தார். சரி, அடுத்த ஆள் ஜிம் மார்ஷல். லண்டனில் மேளக் கடை வைத்திருந்த ட்ரம்ஸ் வாத்தியார். 1962 இல் வந்த முதல் மார்ஷல் அம்பை அவர் செய்யவில்லை, அவர் கடையோடு இருந்த கென் பிரான், டட்லி கிரேவன் என்ற இரண்டு பேர்தான் உட்கார்ந்து செய்தார்கள். எதைப் பார்த்து? ஃபெண்டரின் பேஸ்மன் அம்பைப் பார்த்து. பெயர் ஒருவருடையது, கை இன்னொருவருடையது, காது கடைக்கு வந்து போனவர்களுடையது. இதில் எந்தக் காதை அண்ணர் புதைக்கச் சொல்கிறார்?

அக்கா இன்னும் கூர்மையாக ஒன்று கேட்டார். பெயர் என்பது கையொப்பம், ஒருவர் ஓய்வெடுத்த பின் இன்னொருவர் அந்தக் கையொப்பம் போட்டால் அது கள்ளக் கையொப்பம் அல்லவா என்றார். நல்ல கேள்வி. ஐம்பதுகளில் வந்த ஃபெண்டர் அம்பின் உள்தகட்டைக் கழற்றினால் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்கும். அதில் பேனாவால் ஒரு பெயர் எழுதியிருக்கும். லியோ என்று இருக்காது. லூப்பே என்று இருக்கும், லிலி என்று இருக்கும். வயர் பிடித்து ஈயம் வைத்த பெண்களின் பெயர்கள் அவை. இன்றைக்குப் பழைய அம்ப் வாங்குகிறவர்கள் அந்த டேப் துண்டைத் தேடிப் பார்த்துச் சந்தோசப்படுகிறார்கள். வெளியில் ஒரு பெயர், உள்ளே செய்தவரின் பெயர். முதல் நாளிலிருந்தே அப்படித்தான். அப்போது கள்ளக் கையொப்பமாக இல்லாதது, முதலாளி வீட்டுக்குப் போன அடுத்த நாள் கள்ளக் கையொப்பமாகிவிடுமா? இதே காலி வீதியில் நிறுவியவர் கண்மூடிப் பல காலமான சாப்பாட்டுக் கடைகள் எத்தனை இருக்கின்றன. வடை கடிக்கும்போது யாராவது "முதலாளி எங்கே" என்று கேட்கிறோமா?

இப்போது என் கடைக்கு வந்த ஒரு பெட்டியின் கதை. நான் இந்த மேடைக்கு வரச் சம்மதித்ததே அதைச் சொல்லத்தான்.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர். கோயில் பாட்டுக் குழுவிலும் வாசிப்பார், கல்யாண வீடுகளில் பைலாவும் வாசிப்பார். அவருடைய மாமா டொரொன்டோவிலிருந்து வரும்போது ஒரு கைவினை அம்ப் கொண்டுவந்து கொடுத்தார். அருமையான சாமான். கனடா கரண்ட் 120 வோல்ட், எங்களுடையது 230. வோல்ட்டைக் குறைக்கிற ஸ்டெப் டவுன் பெட்டி போட வேண்டும் என்று மாமா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு கல்யாண மண்டபத்தில் எவனோ நேரே குத்தினான். ஃபியூஸ் போனது. நல்லகாலம் என்று அதோடு விட்டிருக்கலாம். ஃபியூஸ் இல்லை என்பதற்காகச் சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி மறுபடி குத்தினான். புகை வந்த பிறகு தம்பி என்னிடம் வந்தார்.

பவர் ட்ரான்ஸ்போமர், அதாவது சுவர்க் கரண்டை அம்புக்கு வேண்டிய வோல்ட்டுகளாக மாற்றுகிற சுருள், போய்விட்டது. அது கடையில் வாங்குகிற ட்ரான்ஸ்போமர் இல்லை. செய்தவர் தனக்கென்று சுற்றுவித்தது. என்ன வோல்ட், எத்தனை அம்பியர், எங்கும் எழுதியில்லை. செய்தவருக்கு எழுதினோம். அவர் ஓய்வு பெற்று, பட்டறையைப் பூட்டி, பெயரையும் பூட்டிவிட்டார். அதாவது எதிரணி கேட்கிறதை அப்படியே செய்த மனுசன். பெயர் சொல்ல மாட்டேன், அவரும் நல்லவராக இருக்கக்கூடும். பதில் வரவில்லை. கூட வேலை செய்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தேடினோம். அவர்களிடமும் ஒரு கடதாசி கிடையாது.

பிறகு மோட்டர் வைண்டிங் செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கரிந்த சுருளை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணினார். வால்வு என்றால் இந்த அம்ப்களில் சத்தத்தைப் பெருக்குகிற கண்ணாடிக் குழாய். அதற்குள் சூடேற்றுகிற கம்பிக்குப் போகிற சுற்று இருக்கிறதே, அது இப்படியான அம்ப்களில் 6.3 வோல்ட். அதில் எத்தனை சுற்று என்று தெரிந்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். அதை வைத்து மற்றச் சுருள்களுக்குக் கணக்குப் போட்டோம். அங்கே கரண்ட் 60 சைக்கிள், இங்கே 50. அதனால் சுருளுக்கு நடுவில் இருக்கிற இரும்பும் கொஞ்சம் பெரிதாக வேண்டும் என்று பெரியவர் சொன்னார். பெரிய இரும்பு பழைய ஓட்டைக்குப் பொருந்தவில்லை. தகட்டில் புது ஓட்டை போடும்போது எனக்கே மனம் கேட்கவில்லை. மூன்று கிழமை போனது. அம்ப் பாடியது. ஆனால் கிற்றாரைக் குத்துகிற இரண்டு சனலில் ஒன்றுதான் பாடியது. மற்ற சனலின் பாகங்கள் எல்லாவற்றையும் அம்பைச் செய்தவர் ஒரு கறுப்புப் பிசினை ஊற்றி மூடி வைத்திருந்தார். யாரும் கள்ளமாகப் பார்த்துச் செய்துவிடக்கூடாது என்று. அதற்குள் ஏதோ ஒன்று செத்துவிட்டது. எது என்று கடவுளுக்கும் அந்த முதலாளிக்கும்தான் தெரியும். அந்தச் சனல் இன்றைக்கும் ஊமை.

பிசின் என்றதும் எதிரணித் தலைவர் சிரிக்கிறார். ஏனென்றால் அவருடைய கதாநாயகனும் பிசின் ஊற்றியவர்தான். அலெக்சாண்டர் டம்பிள். 2022 ஜனவரியில் காலமானார். வாழ்நாளில் ஏறக்குறைய 300 அம்ப்தான் செய்தார், பட்டறையை யாருக்கும் கொடுத்துவிட்டுப் போகவில்லை, இன்றைக்கு ஒன்று ஒரு லட்சம் டொலருக்கு மேலே போகிறது, இதுதான் பெயரைக் காப்பாற்றுகிற வழி என்றார் தலைவர். விலை ஏறியது உண்மை. பூட்டிக் கிடக்கிற வீட்டின் காணி விலையும்தான் கொழும்பில் ஏறுகிறது. அதற்காக அந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று அர்த்தமா? ஒரு லட்சம் டொலர் பெட்டியை எந்தப் பையன் முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோவான்?

டம்பிளோடு சேர்த்துப் பேசப்படுகிற இன்னொருவர் இருக்கிறார், நியூ ஜேர்சிக்காரர் கென் ஃபிஷர். ட்ரெயின்ரெக் என்ற பெயரில் செய்தார். தொடர் இலக்கத்துக்குப் பதிலாக ஒவ்வொரு அம்புக்கும் ஒரு பெண் பெயர் வைப்பார். நீண்ட காலம் நோயாளி, மேசையில் உட்கார்ந்து வேலை செய்ய உடம்பு விடவில்லை. அவர் என்ன செய்தார்? லூசியானாவில் இருந்த இரண்டு பேருக்குத் தன் அறிவைக் கொடுத்து ஒரு அம்ப் வடிவமைத்துக் கொடுத்தார். கொமெட் என்ற பட்டறை அப்படி நிமிர்ந்தது. 2006 இல் ஃபிஷர் போய்விட்டார். பட்டறை நின்றது.

நின்றது என்றால் நிலைத்து நின்றது, ஐயா. எதிரணி சந்தோசப்பட வேண்டாம்.

ஃபெண்டரைச் சிபிஎஸ்ஸுக்கு விற்றதைப் பற்றியும் சொன்னார்கள். 1965, 1 கோடி 30 லட்சம் டொலர், அதன் பிறகு தரம் இறங்கியது. முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிபிஎஸ் யார்? ஒலிபரப்புக் கொம்பனி. ஈயம் வைத்த லூப்பேக்கா விற்றார்கள்? அந்தக் கதையின் பின்பாதியை அண்ணர் விழுங்கிவிட்டார். 1985 இல் சிபிஎஸ் கைகழுவியபோது அதை வாங்கியது உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பில் ஷுல்ட்ஸும் கூட்டாளிகளும். அவர்கள் கையில்தான் அது எழும்பியது. டூ ரொக் என்ற பட்டறையும் வெளியாள் கைக்குப் போய்ச் சுற்றிவிட்டு, 2016 இல் அங்கேயே வேலை பார்த்த இரண்டு பேரிடம் திரும்பி வந்தது. தொடங்கியவர்களில் ஒருவர் அவர்களோடு கூட இருந்து வடிவமைத்துக்கொண்டிருந்தார். மட்ச்லெஸ் என்ற பட்டறை தொண்ணூறுகளின் கடைசியில் விழுந்தது. உற்பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபில் ஜேமிசன்தான் அதைத் தூக்கி நிறுத்தினார்.

ஒன்றை ஒளிக்கக்கூடாது. அக்கா ஹைவாட் என்ற இங்கிலாந்து அம்ப் பட்டறையைச் சொன்னார். 1981 இல் அதைத் தொடங்கிய டேவ் ரீவ்ஸ் இறந்தார், வேலையாட்கள் நடத்திப் பார்த்தார்கள், சில வருடத்தில் மூடிவிட்டது. அது எங்கள் பக்கத்துக்கு அடிதான். ஆனால் ரீவ்ஸ் ஓய்வு பெறவில்லை, திடீரென்று விழுந்து செத்துப்போனார். நாளைக்குச் சாவியை யார் எடுப்பது என்று யாரையும் பழக்க அவருக்கு நாள் கிடைக்கவில்லை. இன்றைய தலைப்பில் இருக்கிற மனுசனுக்கு நாள் இருக்கிறது. அந்த நாளில் என்ன செய்யப் போகிறார் என்பதுதானே கேள்வி?

இன்னொன்றையும் எதிரணி நினைக்கவில்லை. வால்வு அம்ப் சுவரில் மாட்டுகிற படம் கிடையாது, வீட்டில் கட்டியிருக்கிற மாடு மாதிரி. பதினைந்து இருபது வருடத்தில் உள்ளே மின்னைச் சேர்த்து வைக்கிற பெரிய கப்பாசிட்டர்கள் காய்ந்துவிடும். வால்வு தேய்ந்துவிடும். புது வால்வு இப்போது பெரும்பாலும் ரஷ்யாவில் சரத்தோவ், ஸ்லொவாக்கியா, சீனா என்று சில இடங்களிலிருந்துதான் வருகிறது. 2022 மார்ச்சில் ரஷ்யா ஏற்றுமதியைத் தடுத்ததும் உலகம் முழுக்க வால்வுக்கு அடிபிடி. அதே மார்ச் கடைசியில் இங்கே 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, ஆகவே எங்களுக்கு மட்டும் வால்வு இல்லாத கவலை இருக்கவில்லை. பகிடி இருக்கட்டும். ஒரு தொழிற்சாலையின் வால்வு நின்று வேறு இடத்து வால்வு வரும்போது, எது இந்த அம்புக்கு ஒத்துவரும் என்று போட்டுப் பார்த்துச் சொல்ல ஒரு ஆள் பட்டறையில் இருக்க வேண்டும். முதலாளி தோட்டத்தில் ரோசாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தால் அவருடைய காது என்ன செய்யும்? கரண்டைக் கழற்றிய பிறகும் உள்ளே 400, 500 வோல்ட் பதுங்கியிருக்கும் பெட்டி இது. வரைபடம் இல்லாமல் அதற்குள் கை வைக்கிறவனைப் பற்றி எதிரணி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கை என்னுடையது.

ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரு நிமிடம்.

என் அப்பா புறக்கோட்டையில் வால்வு றேடியோ திருத்தினவர். தடித்த ஒரு கொப்பி வைத்திருந்தார். எந்த றேடியோவில் என்ன வருத்தம், என்ன மருந்து என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் வட்டம், பெருக்கல் குறி, பறவைக்கால் மாதிரி ஏதோ அடையாளங்கள். பக்கத்துக் கடைக்காரன் பார்த்துவிடுவானாம். அவர் போன பிறகு அந்தக் கொப்பி என்னிடம் வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் கூட எனக்கு வாசிக்கத் தெரியாது. என்னிடம் இப்போது வேலை பழகுகிற தங்கச்சி ஒருத்தி பின்வரிசையில் இருக்கிறாள். கொட்டாஞ்சேனைத் தம்பியின் ட்ரான்ஸ்போமர் கணக்கைத் தமிழில், இலக்கம் போட்டு, அவள்தான் எழுதி வைத்தாள். பெட்டியின் உள்தகட்டில் ஒரு பிரதி ஒட்டியிருக்கிறது, டேப்பில் அவள் பெயரும் இருக்கிறது.

அந்தப் பெட்டிதான் அதோ மேடையின் ஓரத்தில் நிற்கிறது. தீர்ப்புக்குப் பிறகு தம்பி அதில் வாசிக்கப் போகிறார், ஒரு சனலில். தேநீர்க் கேத்தலுக்காக யாரும் அதன் பிளக்கைக் கழற்றிவிடாதீர்கள்.