தொண்டு நிறுவனம் சட்டத்தை மாத்தச் சொல்லலாமா? ஒரு சின்னப் படிவம் சொல்ற பதில்

[திரையில்: படிவம் 5768]

வணக்கம். வருஷத்துக்கு 2,00,000 டாலர் செலவு பண்ற ஒரு அமெரிக்கத் தொண்டு நிறுவனம், படிவம் 5768ன்னு ஒரு சின்னப் படிவத்தை வரித்துறைகிட்ட கொடுத்திருந்தா, அதுல 40,000 டாலர் வரைக்கும் "இந்த மசோதாவை நிறைவேத்துங்க"ன்னு சட்டமன்ற உறுப்பினர்கள்கிட்ட கேக்கறதுக்கே செலவழிக்கலாம். வரிவிலக்கு போகாது. ஆனா "நாம தொண்டு நிறுவனம், அரசியல் பேசக் கூடாது"ன்னு நிர்வாகக் குழுவில யாராவது ஒருத்தர் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்னுரும். களத்துல தினமும் நிக்கறவங்களோட குரல் இல்லாமலே சட்டம் எழுதி முடிச்சிருவாங்க.

முதல்ல மூணு விஷயத்தைப் பிரிச்சுக்கலாம். ஒரு பிரச்சினையைப் பத்தி ஆராய்ச்சி பண்றது, மக்களுக்குச் சொல்றது, அதிகாரிகளைச் சந்திக்கறது எல்லாம் அட்வகசி. ஒரு குறிப்பிட்ட மசோதாவுக்கு ஆதரவாவோ எதிராவோ சட்டமியற்றுறவங்ககிட்ட கேட்டா, அது லாபியிங். தேர்தல்ல ஒரு வேட்பாளரை ஆதரிக்கறது தனி. அமெரிக்காவுல 1954லிருந்தே இதுக்குத் தடை. பிரிட்டன்லயும் தொண்டு நிறுவனம் கட்சியை ஆதரிக்க முடியாது.

இப்போ அந்தப் படிவத்துக்கு வருவோம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். அமெரிக்கச் சட்டம் "லாபியிங் உங்க வேலையில கணிசமான பங்கா இருக்கக் கூடாது"ன்னு சொல்லும். கணிசம்னா எவ்வளவு? அதைச் சட்டம் சொல்லலை. அந்தப் பயத்துலதான் நிறைய பேர் வாயே திறக்கறதில்லை. 1976ல இதுக்கு ஒரு மாற்று வழி வந்துச்சு: படிவம் 5768ஐக் கொடுத்தா, கணக்கு முழுக்கப் பணத்துல. முதல் 5,00,000 டாலர் செலவுல 20 சதவீதம், அடுத்த 5,00,000ல 15, அதுக்கடுத்த 5,00,000ல 10, மிச்சத்துல 5. எவ்வளவு பெரிய நிறுவனமா இருந்தாலும் உச்சவரம்பு 10,00,000 டாலர். தேவாலயங்களுக்கும் தனியார் அறக்கட்டளைகளுக்கும் (private foundations) இந்த வழி கிடையாது.

பணத்தை மட்டும் எண்ணினா என்ன ஆகும்னு பாருங்க. சம்பளம் வாங்கற ஒரு ஊழியர் ஒரு நாள் போய் உறுப்பினரைப் பார்த்தா அந்த நாள் சம்பளம் கணக்குல ஏறும். 100 தன்னார்வலர்கள் போனா அவங்க நேரத்துக்குக் கணக்கு பூஜ்ஜியம்! நீங்க எடுத்துக் கொடுத்த பஸ் செலவு மட்டும்தான் ஏறும்.

இன்னொண்ணு, ஒரே செய்தி மூணு விதமா மாறும். "இந்த மசோதா நல்ல மசோதா"ன்னு பொதுமக்களுக்கு எழுதினா பொதுவா அது லாபியிங் இல்லை. அது கீழ "உங்க தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு போன் பண்ணுங்க"ன்னு ஒரு வரி சேர்த்தா மக்கள்வழி லாபியிங். அதுக்கு மொத்த வரம்புல கால்பங்குதான், அதாவது 40,000ல 10,000. அதே வரியை உங்க நிறுவனத்துல உறுப்பினரா இருக்கறவங்களுக்கு அனுப்பினா நேரடி லாபியிங். முழு வரம்பும் உங்களுக்கு உண்டு. வரம்பு தாண்டினா, தாண்டின தொகைக்கு 25 சதவீத வரி. அதனால வாராவாரம் ஊழியர் நேரத்தை எழுதி வைங்க. வருஷக் கடைசியில ஞாபகத்துல இருந்து எழுதற கணக்கு தணிக்கையில நிக்காது.

இந்தியாவுல வேற ஏற்பாடு. 2014லிருந்து, மத்திய அரசு வரைவு மசோதாவை குறைஞ்சது 30 நாள் பொதுவெளியில வைக்கணும்னு ஒரு கொள்கை இருக்கு. அது சட்டம் இல்லை, அதனால பல மசோதாக்கள் இதைத் தாண்டிப் போயிருது.

அந்த 30 நாள் எங்க வீணாகுது? மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடற நிர்வாகக் குழுவோட ஒப்புதலுக்குக் காத்திருக்கறதுலதான். அவசரத்துல கையெழுத்துப் போட ரெண்டு பேருக்கு இப்பவே தீர்மானம் போட்டு அதிகாரம் கொடுத்துருங்க. முதல் மூணு நாள்ல பழைய சட்டத்தோட வரைவை ஒப்பிட்டுப் பாருங்க. பத்தாம் நாளுக்குள்ள களத் தகவல். இருபதாம் நாள் கூட்டணி அமைப்புகளுக்கு. இருபத்தேழாம் நாள் அனுப்பி, பெற்றுக்கொண்டதுக்கு ஒப்புகை வாங்குங்க.

என்ன எழுதணும்? வரைவுல "பொதுக் கட்டடங்களில் இயன்றவரை சாய்தளம் அமைக்கப்படும்"னு இருக்குன்னு வெச்சுக்கங்க. மாற்றுத்திறனாளிகள் படற கஷ்டத்தை மட்டும் எட்டுப் பக்கம் எழுதினா, படிக்கற அதிகாரி மனசு இளகும், ஆனா எந்தச் சொல்லை மாத்தறதுன்னு அவருக்குத் தெரியாது. இப்படி ஒரு அட்டவணையா எழுதுங்க: பிரிவு எண், இப்போதைய வாசகம், நாங்க கேக்கற வாசகம், காரணம், யாருக்கு எவ்வளவு செலவு. "'இயன்றவரை' என்பதை நீக்கி, 'இரண்டு ஆண்டுக்குள்' என்று சேர்க்கவும்." ரெண்டு மூணு பக்கம் போதும். ஒரே மாதிரி ஆயிரம் மின்னஞ்சல் வந்தா அதையெல்லாம் ஒரே கருத்தா எடுத்துக்கற வாய்ப்பு அதிகம். அம்பது பேர் அம்பது கட்டடத்துல அளந்த அளவை அனுப்பினா தனித்தனியாப் படிச்சாகணும்.

மசோதா நிறைவேறின அன்னிக்கே நிறைய அமைப்புகள் கொண்டாடிட்டு அடுத்த வேலைக்குப் போயிருது. சட்டத்துல நீக்கின "இயன்றவரை", துறை எழுதற விதிகள்ல திரும்ப வந்து உக்காரும். அமெரிக்கக் கணக்குப்படி, நிர்வாகத் துறைகிட்ட விதிகளைப் பத்திப் பேசறது லாபியிங்லயே வராது, வரம்பும் கிடையாது. அதனால விதிகளை எந்தத் துறை, எந்தப் பிரிவு எழுதுதுன்னு அன்னிக்கே விசாரிச்சு, அதே அட்டவணையை அவங்களுக்கும் அனுப்பிருங்க.