நெஞ்செரிச்சலும் படுக்கும் நேரமும்

எல்லோருக்கும் வணக்கம். அசிடிட்டியைப் பற்றிப் பேசத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஆனால் அசிடிட்டி அல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நெஞ்சின் நடுவில் பாரம் வைத்து அழுத்துவதுபோல வலி, கூடவே குப்பென்று வியர்வை, மூச்சு வாங்குவது, வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறுவது. இப்படி வந்தால் "வாய்வு பிடிச்சிருக்கு" என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் களைப்புமாகக்கூட மாரடைப்பு வரும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வாய்வுதான் என்பதை ஈசிஜி பார்த்த டாக்டர் சொல்லட்டும். நாமே முடிவு கட்ட வேண்டாம். தமிழ்நாட்டில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, எரிச்சலுக்கு வருவோம். வயிற்றில் அமிலம் சுரப்பது நோயில்லை, சுரந்தாக வேண்டும். வயிற்றின் உள்சுவர் அதைத் தாங்கும், உணவுக்குழாய் தாங்காது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இறுகி நிற்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே வரும். நெஞ்சு எரியும், தொண்டையில் புளிக்கும், எதுக்களிக்கும். எண்ணெய்ப் பலகாரம், காபி, சிகரெட், மது எல்லாம் அந்த வளையத்தைத் தளர்த்துபவை. தொப்பையும் இறுக்கிக் கட்டிய பெல்ட்டும் கீழிருந்து அழுத்துகின்றன.

நம்மில் பலர் காரத்தை மட்டும் குற்றம் சொல்கிறோம். சிலருக்குக் காரம் ஒத்துக்கொள்ளாது, உண்மைதான். ஆனால் குடல்புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று நினைத்திருந்த காலத்தில், 1984-இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர், ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாளில் அவர் வயிறு அழற்சி கண்டது. புண்ணுக்கு அந்தக் கிருமி காரணமாவதைக் கண்டறிந்ததற்காக, 2005-இல் கூட ஆராய்ந்த ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம், மூட்டு வலிக்கென்று நாமாகவே கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை. டாக்டரிடம் போகும்போது இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? நான் முதலில் கை வைக்கச் சொல்வது ராத்திரிச் சாப்பாட்டில். கடையை அடைத்துவிட்டுப் பத்தரைக்குப் பரோட்டா, பதினொன்றுக்குப் படுக்கை என்றால் எந்தக் கஷாயமும் உதவாது. நிற்கும்போது அமிலம் தன் கனத்திலேயே கீழே இருக்கும், படுத்தால் அந்த உதவி போய்விடுகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடுங்கள். வேலை அப்படி என்றால் மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள்.

அப்புறம் கட்டில். தலைமாட்டுப் பக்கத்துக் கால்கள் இரண்டின் அடியிலும் இரண்டிரண்டு செங்கல், ஆடாமல் வையுங்கள். அரை அடி உயர்ந்தால் போதும். தலையணையை அடுக்கினால் பயனில்லை. கழுத்து மடங்கும், வயிறும் மடங்கி அழுத்தம்தான் கூடும். பாயில் படுப்பவர்கள் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அந்தப் பக்கம் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயைவிடத் தாழ்ந்து கிடக்கும்.

படுக்கப் போகும்போது பால் குடிப்பவர்கள் நிறையப் பேர். அப்போதைக்கு இதமாக இருக்கும், ஆனால் பாலே மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கும். சீரகத் தண்ணீர், மோர் குடித்து இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள். சமையல் சோடாவும் ஈனோவும் தினசரிப் பழக்கமாக வேண்டாம். அவற்றில் உள்ள சோடியம், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது.

மாத்திரையைப் பற்றி ஒன்று. அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டாப்ரசோல், ஒமெப்ரசோல் இவற்றை எரிச்சல் வந்தபிறகு விழுங்குவதில் பெரிய பலன் கிடையாது. சாப்பாடு உள்ளே போகும்போதுதான் வயிற்றில் அமிலம் இறைக்கும் பம்புகள் ஓடத் தொடங்கும். அப்போது மருந்து இரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். அதனால்தான் காலை உணவுக்கு அரை மணி முன்பு. உடனடி எரிச்சலுக்கு ஜெலுசில், டைஜீன் மாதிரியானவை போதும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் ஜெலுசில், டைஜீன் மாதிரியானவற்றுக்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

டாக்டர் எழுதிய பழைய சீட்டைக் காட்டி வருஷக்கணக்கில் பான்டாப்ரசோல் வாங்கிப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. நீண்ட நாள் போட்டால் பி12, மக்னீசியம் குறையலாம். அதற்காக நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் கூடும். டாக்டரைக் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள்.

விழுங்கும்போது உணவு அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, இரத்த வாந்தி, தார்போலக் கறுத்த மலம், ஐம்பதைத் தாண்டியபின் புதிதாகத் தொடங்கும் எரிச்சல். இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியம் வேண்டாம். இரத்த வாந்தியோ கறுத்த மலமோ என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றவற்றுக்கு, வாய் வழியே குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி தேவையா என்று டாக்டரைக் கேளுங்கள். சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனைதான், பயப்பட ஒன்றுமில்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் மலம் கறுக்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி நீங்கள் கேளுங்கள். யார் என்ன மாத்திரை போடுகிறீர்கள், எத்தனை நாளாக என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.