நட்டத்தில் முதல் போடச் சொன்ன ஆசான்

அனைவருக்கும் வணக்கம்.

எல்லோரும் வலது கையைக் கொஞ்சம் முன்னால் நீட்டுங்கள். விரல்களை விறைக்க வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரே ஓட்டமாக இருக்கட்டும். மணிக்கட்டில் ஒரு மடிப்புகூட விழக்கூடாது. அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். தோள் தானாக மேலே ஏறுகிறதா? அந்தத் தோளை இறக்கக் கற்பதற்கே எனக்கு ஒரு வருடம் ஆனது. சரி, இறக்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கைக்கு ‘அழகியின் கை’ என்று பெயர். மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையான தாய் சியில், இதைத் தன் முறையின் அடையாளமாகவே ஆக்கியவர் செங் மான்-சிங். இன்று நான் பேச வந்திருப்பது அவரைப் பற்றியும், அவர் கையிலிருந்து கடல் கடந்து போன வித்தையைப் பற்றியும்.

சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், வென்ஜோ பகுதியில் 1902-ல் பிறந்தவர். ஓவியம், கையெழுத்துக்கலை, கவிதை, மருத்துவம், தாய் சி ஆகிய ஐந்திலும் தேர்ந்ததால் அவரை ‘ஐந்து கலைகளின் ஆசான்’ என்றார்கள். ஷாங்காயில் ஓவியம் கற்பித்துக்கொண்டிருந்த இளம் வயதில் காசநோய் வந்தது. இருமினால் ரத்தம். உடம்பைத் தேற்றத்தான் தாய் சி பழக ஆரம்பித்தார். தேறியதும் விட்டுவிட்டார். நோய் திரும்பி வந்தது. அப்புறம்தான் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்.

யாங் குடும்பத்தின் பெயர்பெற்ற ஆசான் யாங் செங்-ஃபூவிடம் அவர் சேர்ந்தது 1930-களின் தொடக்கத்தில். ஆசானின் மனைவி நோயுற்றபோது வைத்தியம் பார்த்துக் குணப்படுத்தியவர் செங். அந்த நன்றியில்தான் வெளியாருக்கு எளிதில் சொல்லாத நுணுக்கங்களை யாங் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று இந்தப் பரம்பரையில் சொல்வார்கள். 1934-ல் யாங்கின் நூல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவர்களில் செங்கும் ஒருவர்.

யாங் அவரிடம் ஓயாமல் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: தளர்த்து. கேட்கக் கேட்கப் புரிந்த மாதிரி இருக்கும், உடம்புக்குப் புரியாது. ஒருநாள் இரவு செங் ஒரு கனவு கண்டார். அவருடைய இரண்டு கைகளும் முறிந்துவிட்டன! விழித்துப் பார்த்தால், ரப்பர் கயிற்றில் கோத்த பொம்மையின் கைகள் போல, தோளில் எந்தப் பிடிப்பும் இல்லாமல் கிடந்தன. தளர்ச்சி என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பல வருடம் பயிற்சி செய்தவருக்கே, தன் கைகளைத் தொலைத்த பிறகுதான் அது கிடைத்தது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அவர் போதித்த எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த இழப்புதான். சீன மொழியில் ‘நட்டத்தைத் தின்பது’ என்று ஒரு வழக்கு உண்டு, இழப்பை ஏற்பது என்று பொருள். செங் தன் மாணவர்களுக்குச் சொன்னது, நட்டத்தில் முதல் போடு என்று. தாய் சியில் இருவர் எதிரெதிரே நின்று கையோடு கை தொட்டுத் தள்ளிப் பழகும் பயிற்சி ஒன்று உண்டு. எதிரே நிற்பவர் தள்ளுகிறார். பலத்தால் தடுத்தால் அன்றைக்கு நீங்கள் விழாமல் தப்பலாம், ஆனால் எதுவும் கற்கமாட்டீர்கள். தடுக்காமல் விட்டால் விழுவீர்கள். நூறு முறை, ஆயிரம் முறை விழுவீர்கள். விழுந்து விழுந்துதான், தள்ளும் விசை தன் உடம்பில் எங்கே வந்து தங்குகிறது என்று தெரியவரும். நான் முதல் ஆறு மாதம் ஜெயிக்கத்தான் பார்த்தேன். என்னைவிட இருபது வயது மூத்த ஓர் அம்மா என்னை ஒவ்வொரு முறையும் சுவர் வரை அனுப்பிவைப்பார். அவர் என்னைத் தள்ளிய மாதிரியே இருக்காது. தடுக்க நான் போட்ட பலத்தைத்தான் எனக்கே திருப்பிக் கொடுத்திருப்பார்.

இனி அந்த ஆசான் தானே ஏற்றுக்கொண்ட நட்டங்களைப் பார்ப்போம். முதலாவது, நீளம். தொடர்ந்து செய்ய வேண்டிய யாங்கின் அசைவு வரிசையில், எண்ணும் முறையைப் பொறுத்து, நூறு அசைவுகளுக்கு மேல் வரும். ஜப்பானோடு போர் நடந்த காலத்தில், 1930-களின் இறுதியில், ஹூனான் மாகாணத்தில் பலருக்குக் குறைந்த நாளில் கற்பிக்க வேண்டியிருந்தது. திரும்பத் திரும்ப வருவனவற்றை எடுத்துவிட்டு 37 நிலைகளாக்கினார். இது யாங் முறையே அல்ல என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். அவர்களோடு நான் உடன்படவில்லை. நீளமானதைச் செய்ய இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டும். வேலைக்குப் போகிறவர் காலையில் பத்து நிமிடம் ஒதுக்கிச் செய்ய முடிந்ததால்தான் இது இத்தனை நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

1949-ல் தைவானுக்குப் போனார். அங்கே பெஞ்சமின் லோ என்ற இளைஞர் வைத்தியத்துக்காக அவரிடம் வந்தார். மருந்தைத் தாங்கும் பலம்கூட உன் உடம்பில் இல்லை, முதலில் தாய் சி கற்றுக்கொள் என்றார் செங். நோயாளியாக வந்தவர் பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறி, 2018-ல் இறக்கும்வரை அமெரிக்காவின் மதிப்பு மிக்க ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார்.

தைவானில் செங்கிடம் வந்த இன்னொருவர் ஹுவாங் ஷெங்-ஷியான். சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் வெண்கொக்கு என்ற தற்காப்பு முறையில் ஏற்கெனவே தேர்ந்தவர். ஒரு முறையில் ஆசானாக இருப்பவர் இன்னொருவரிடம் முதல் அடியிலிருந்து தொடங்குவது சின்ன விஷயம் இல்லை. அவர் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வித்தையைக் கொண்டுபோனார். 1970-ல், அறுபது வயதில், கூச்சிங் நகரில் மல்யுத்த வீரர் ஒருவரை 26-க்குப் பூஜ்யம் என்ற கணக்கில் வீழ்த்தினார். அங்கிருந்து அவருடைய வழி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை போனது.

இரண்டாவது நட்டம் நியூயார்க்கில். செங் அங்கே போனது 1964-ல். சைனாடவுனில் பள்ளி. நீண்ட தலைமுடியோடு, வெறுங்காலோடு, வியட்நாம் போரை எதிர்த்துக்கொண்டிருந்த இளைஞர்கள் வந்தார்கள். அவர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. சீனர் அல்லாதவர்களுக்கு, அதுவும் இப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது பள்ளியை ஆதரித்த சிலருக்குப் பிடிக்கவில்லை. அவர் தைவான் போயிருந்த சமயம் பார்த்துக் கதவைப் பூட்டினார்கள். மாணவர்கள் வேறு இடம் தேடினார்கள். பவரி தெருவில் புதிய கூடம் உருவானது. அங்கே வாளும் கற்பித்தார், தூரிகையும் கற்பித்தார், கன்ஃபூசியஸ் பாடமும் நடத்தினார். ‘புரொஃபசர்’ என்றுதான் அவரை அழைத்தார்கள். தன் மக்களில் ஒரு பகுதியினரின் ஆதரவை இழந்து, அந்நியப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட அந்த முடிவைத்தான் அவருடைய மிகப் பெரிய செயலாக நான் மதிக்கிறேன்.

1975 மார்ச்சில் தைவானில் இறந்தார். அதன் பிறகு மாணவர்கள் பல கிளைகளாகப் பிரிந்தார்கள். தைவானில் கற்றவரின் அசைவும் நியூயார்க்கில் கற்றவரின் அசைவும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. யாருடையது சரி என்ற சண்டையும் உண்டு. ஆனால் யாரிடம் போனாலும் முதலில் காதில் விழுவது அதே ‘தளர்த்து’தான்.

பேச்சு இவ்வளவு போதும். நாற்காலிகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு எழுந்திருங்கள். எடை முழுவதையும் வலது காலுக்குக் கொண்டுபோங்கள். இடது கால் காலியாகட்டும், யாராவது தொட்டால் நகர்கிற அளவுக்கு. இப்போது அந்தக் கையை மறுபடி நீட்டுங்கள். தோளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.