காவல் காக்கிறவனா, கற்றுக்கொடுக்கிறவனா? ரொமான்டஸி நாயகர்களைப் பற்றி ஒரு விளக்கம்

[திரையில்: பெரிய மாளிகை. வாசல் கதவு திறந்திருக்கிறது.]

கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஃபேராவால் வாசலைத் தாண்ட முடியவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் மறிக்கிறது. மாளிகையின் எந்தப் பக்கம் போனாலும் அதே சுவர். மூச்சு முட்டுகிறது, கை கால் நடுங்குகிறது, கடைசியில் தரையில் சுருண்டு விழுகிறாள். இந்த மந்திரச் சுவரை எழுப்பியது அவளுடைய எதிரி இல்லை, தேவதை உலகத்தின் பிரபுக்களில் ஒருவனான காதலன் டாம்லின். ஒரு வேலையாக வெளியே கிளம்பினான், நானும் வருகிறேன் என்றாள், ஆபத்து என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போய்விட்டான்.

சாரா ஜே. மாஸ் 2016-இல் வெளியிட்ட ‘எ கோர்ட் ஆஃப் மிஸ்ட் அண்ட் ஃப்யூரி’ நாவலில் வரும் காட்சி இது. காதலும் மாயாஜாலமும் கலந்த ரொமான்டஸி நாவல்களில் எந்த மாதிரி நாயகன் வேண்டும் என்று பேச்சு எழுந்தால், வாசகர்கள் பலர் வந்து நிற்கும் இடமும் இதுதான். ஒரு பக்கம் காவல் காக்கிற டாம்லின், இன்னொரு பக்கம் அவளை வளரவிடுகிற வேறொரு பிரபு ரீசாண்ட். இந்த வீடியோவில் இருவரையும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கதையின் பெரிய திருப்பங்களைச் சொல்லப் போகிறேன். இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால், படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் டாம்லினுக்கு நியாயம் செய்துவிடுவோம். தொடரின் முதல் நாவல் 2015-இல் வந்தது. அதில் பத்தொன்பது வயது மனிதப் பெண் ஃபேரா, கொடுங்கோல் ராணி அமராந்தாவிடமிருந்து அவனை மீட்க, மலைக்கு அடியில் இருக்கும் அவள் கோட்டைக்குப் போய் மூன்று சோதனைகளைச் சந்திக்கிறாள். கடைசியில் அமராந்தா ஃபேராவின் கழுத்தை முறிக்கிறாள். டாம்லின் கண்ணெதிரே ஃபேரா சாகிறாள். தேவதை உலகத்தின் ஏழு பிரபுக்களும் தங்கள் சக்தியில் ஒரு துளி கொடுத்த பிறகுதான் உயிர் திரும்புகிறது. அதைப் பார்த்தவனுக்கு மறுபடி இழந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயம் பொய் இல்லை.

சிக்கல் என்னவென்றால், ஃபேரா அந்த மலைக்கு அடியில் கைதியாகக் கிடந்தவள். உயிர் பிழைக்க இரண்டு அப்பாவிகளைத் தன் கையாலேயே கொன்றவள். தினமும் கெட்ட கனவு கண்டு எழுந்து வாந்தி எடுக்கிறாள். அவளுக்கு அடைபட்ட இடம் ஆகாது, சும்மா உட்கார்ந்திருப்பதும் ஆகாது. டாம்லின் கொடுப்பதோ அந்த இரண்டையும்தான். சண்டைப் பயிற்சி கேட்டால் வேண்டாம் என்கிறான். தன்னைக் காப்பாற்றியவளையே, தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாதவளாக நடத்துகிறான். டாம்லின் என்ற பெயர் பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடல் ஒன்றிலிருந்து வந்தது. அதிலும் பெண்தான் தேவதை உலகத்திடமிருந்து ஆணை மீட்கிறாள். இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் அந்தப் பூட்டு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

[திரையில்: வெற்றுத் தாள், பேனா]

சரி, ரீசாண்ட் என்ன செய்தான்? சிறகு, இருட்டு, அழகு எல்லாம் இருக்கட்டும். அவன் செய்த பெரிய காரியம், அவளுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது.

மலைக்கு அடியில் நடந்த இரண்டாவது சோதனையில், சுவரில் எழுதியிருந்த புதிரைப் படித்துச் சரியான நெம்புகோலை இழுக்க வேண்டும். ஃபேராவுக்குப் படிக்கத் தெரியாது. அவள் கையில் இருந்த மந்திரப் பச்சைகுத்தலின் வழியாக ரீசாண்ட் வலியை அனுப்பி, எது தவறான நெம்புகோல் என்று காட்டிக்கொடுத்தான். உயிர் தப்பியது. அதுவும் பாதுகாப்புதான், விடையை மட்டும் கொடுக்கிற பாதுகாப்பு. இரண்டாவது நாவலில் அதே ஆள் எழுத்தைக் கற்றுக்கொடுக்கிறான். அடுத்த முறை சுவரில் எதை எழுதினாலும் அவளே படித்துக்கொள்வாள், அவன் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை. இரண்டு வகை நாயகனுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரே பாத்திரத்துக்குள்ளேயே இருக்கிறது.

இன்னொன்று எனக்கு அதைவிடப் பிடிக்கும். ரீசாண்ட் பிறர் மனதுக்குள் நுழையக்கூடியவன். அவன் ஃபேராவுக்குக் கற்றுக்கொடுப்பது, மனதைச் சுற்றிச் சுவர் எழுப்புவது எப்படி என்று. அந்தச் சுவர் அவனையும் சேர்த்துத்தான் வெளியே நிறுத்தும். தன்னிடமிருந்தே தப்பிக்கும் வழியைக் காதலியின் கையில் கொடுக்கிறான். ஐந்நூறு வயதைத் தாண்டியவனும் பத்தொன்பது வயதுப் பெண்ணும் காதலிக்கும் கதையில் இது சின்ன விஷயம் இல்லை. அவ்வளவு பெரிய சக்தி வித்தியாசத்தைக் காதல் மட்டும் சமன் செய்துவிடாது.

பிரபுவுக்குச் சமமாக ஆளும் ‘ஹை லேடி’ என்று ஒரு பதவியே கிடையாது என்றான் டாம்லின். ரீசாண்ட் அவளைத் தன் நாட்டுக்குச் சரிசமமான ஹை லேடி ஆக்குகிறான். ரசிகர்கள் கொண்டாடுவது பெரும்பாலும் இந்தப் பட்டத்தை. நான் அந்த எழுத்துப் பாடத்தைத்தான் மேலே வைப்பேன். பட்டத்தைக் கொடுத்தவன் திரும்பப் பிடுங்கிவிடலாம், கற்ற எழுத்தைப் பிடுங்க முடியாது.

இனி, பல வீடியோக்கள் தொடாத பகுதிக்கு வருவோம்.

[திரையில்: மூன்று புத்தகங்கள், 2015, 2016, 2021]

முதல் நாவலில் இதே ரீசாண்ட் ஃபேராவுக்கு மயக்கும் மதுவைக் கொடுத்து, இரவு இரவாக அமராந்தாவின் சபையோர் முன்னால் ஆடவைத்தான். அதற்கு அவன் சொல்லும் காரணம் பின்னால் வருகிறது: அவள் அந்தக் கொடுமைகளை மறக்கவும், டாம்லினின் கோபத்தைத் தூண்டவும். காரணம் இருக்கலாம். ஆனால் அவளிடம் யாரும் கேட்கவில்லை. இருவருக்கும் இடையே விதியின் பந்தம் இருப்பதையும் அவன் நெடுநாள் மறைக்கிறான், வேறு ஓர் உயிரினம் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது.

2021-இல் வந்த ‘எ கோர்ட் ஆஃப் சில்வர் ஃப்ளேம்ஸ்’ இன்னும் கடினமான இடம். ஃபேரா கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தைக்குச் சிறகு இருப்பதால் பிரசவம் அவள் உயிரைப் பறிக்கலாம். இது ரீசாண்டுக்குத் தெரியும், நெருங்கிய நண்பர்களுக்குத் தெரியும், ஃபேராவுக்கு மட்டும் தெரியாது. பயந்துவிடுவாள் என்று மறைக்கிறார்கள். அக்கா நெஸ்டா கோபத்தில் போட்டு உடைத்த பிறகுதான் அவளுக்கே தெரிகிறது.

அவளுடைய உடம்பு, அவளுடைய உயிர், அதைப் பற்றிய செய்தி மட்டும் அவளிடம் இல்லை. ‘உன் நல்லதுக்குத்தான்’ என்று டாம்லின் எழுப்பிய சுவருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஒருவன் வாசலை மறித்தான், இன்னொருவன் உண்மையை மறித்தான். டாம்லினை விட்டு ஓடியதைக் கதை விடுதலை என்று கொண்டாடியது. இங்கே கோபம் பெரும்பாலும் உண்மையைச் சொன்ன நெஸ்டா மேல் விழுகிறது. ஒரே செயலுக்கு, செய்தவன் யார் என்று பார்த்துத் தீர்ப்பு மாறுகிறது. ரீசாண்டை எனக்கும் ரொம்பப் பிடிக்கும், அதனாலேயே இந்த இடத்தைச் சும்மா விட முடியவில்லை.

ரெபெக்கா யாரோஸின் ‘ஃபோர்த் விங்’ 2023-இல் வந்தது. அதிலும் இதே ஜோடி உண்டு. பலவீனமான உடம்புள்ள வயலட்டிடம், டிராகன் வீரர் பயிற்சியை விட்டு எழுத்தர் பிரிவுக்குப் போய்விடு என்று கெஞ்சுகிறான் பால்ய நண்பன் டேன். ஸேடன் அவளுக்குச் சண்டை கற்றுக்கொடுக்கிறான், டிராகன் முதுகிலிருந்து விழாமல் இருக்கச் சேணம் செய்து தருகிறான். அப்புறம் தெரிகிறது, அக்கறையே உருவான டேன் அவளைத் தொட்டு அவள் அனுமதியில்லாமல் நினைவுகளைப் படித்திருக்கிறான். ஸேடனும் மிகப் பெரிய ரகசியம் ஒன்றை மறைத்தே வைத்திருந்தான். கத்தியைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள்கூட, தகவலைக் கொடுக்கத் தயங்குகிறார்கள்.

ஆகவே நாயகன் ஆபத்துக்குக் குறுக்கே நிற்கிறானா என்று பார்ப்பது போதாது. காதலிப்பவன் குறுக்கே நிற்கத்தான் செய்வான். நான் பார்ப்பது இரண்டு விஷயம். அவனுக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியுமா? அவன் இல்லாத ஓர் அத்தியாயத்தில், அவனால் அவளுக்குக் கிடைத்த ஏதாவது ஒன்று அவளிடம் மிஞ்சுமா?

ரொமான்டஸி எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்க ஆசை. நாயகியின் முடிவை நாயகன் மதிக்கும் காட்சிகள் நிறைய வந்துவிட்டன. பெரும்பாலும் அவள் முடிவு சரியாகவே முடிகிறது, அதனால் அவனுக்கு மதிப்பது சுலபமாகிவிடுகிறது. அவள் முடிவு தப்பாகப் போகட்டும். திட்டம் தோற்கட்டும், ஆட்கள் காயப்படட்டும். அடுத்த நாள் அவள் இன்னொரு திட்டத்தோடு வரும்போது, அவன் வரைபடத்தை அவள் பக்கம் திருப்பி வைத்து, “எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?” என்று கேட்கட்டும். அந்த அத்தியாயத்தை யாராவது எழுதியிருந்தால் கீழே புத்தகத்தின் பெயரைச் சொல்லுங்கள், அடுத்த வீடியோவே அதைப் பற்றித்தான்.