சங்கிலே விட்டால்தான் தீர்த்தம்

(யாழ்ப்பாணத் தீவகத்துக் கரையோரக் கிராமமொன்றின் வாசிகசாலை ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, மங்கல விளக்கேற்றிய குருக்கள் ஐயா அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, அதிபர் அவர்களே, கடற்றொழிலாளர் சங்கத்துத் தம்பிமாரே, முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை வேண்டாமென்றேன், தலைவர் கேட்கவில்லை. அவருடைய அன்புக்கு நன்றி.

"சங்கிலே விட்டால்தான் தீர்த்தம்" என்று என் அப்பாச்சி அடிக்கடி சொல்லுவா. அந்தச் சங்கைப் பற்றி மூன்று விடயம் பேச வந்தேன்: அதன் உடம்பு, அது வாழும் இடம், வலம்புரி.

கோயிலிலும் செத்த வீட்டிலும் ஊதுகிற வெள்ளை ஓட்டைத்தான் நாங்கள் சங்கு என்கிறோம். கடலுக்குள் உயிரோடு கிடக்கிற சங்கு வெள்ளையே இல்லை. ஓட்டின் மேல் மண்ணிறத் தோல் மூடியிருக்கும். டர்பினெல்லா பைரம் என்பது விஞ்ஞானம் அதற்கு வைத்த பெயர். தசைப்பாதத்தால் மணலில் ஊர்ந்து, தும்பிக்கைபோல வாயை நீட்டி, மணலுக்குள் ஒளிந்திருக்கும் புழுக்களைத் தின்னும். மன்னார் வளைகுடா, பாக்குநீரிணை, எங்கட ஆழமில்லாத பரவைக்கடல், இவையெல்லாம் அதன் வீடு.

நான் ஆறாம் வகுப்புப் படித்த காலம். பெரியப்பா சங்கு முழுகுகிறவர். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் ஒரு காலை அவரோடு கரைக்குப் போனேன். ஒதுங்கிக் கிடந்த சாதாளைக்குள், அதுதான் கடற்புல்லுக்குள், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஒன்று, ஒரு சாண் நீளம், வளையம் வளையமாக அடுக்கியது. ஏதோ காய்ந்த குப்பை என்று காலால் மிதிக்கப் போனேன். "டேய், நில்!" பெரியப்பா அப்படிக் கத்தி அதற்குமுன் நான் கேட்டதில்லை. ஓடி வந்து தூக்கினார். "இது சங்குப்பூ. தாய்ச்சங்கு மணலில் நட்டுவிட்டுப் போற முட்டைக்கூடு." ஓரத்தில் கிழிந்திருந்த ஓர் அறையை விரலால் விரித்துக் காட்டினார். உள்ளே சின்னச் சின்னச் சங்குகள்! ஒவ்வொன்றுக்கும் ஓடு, ஒவ்வொன்றுக்கும் சுருள். உள்ளங்கையில் ஒன்றை வைத்தார், அது மெல்ல ஊர்ந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீர்வரைக்கும் நடந்துபோய் அந்தக் கூட்டை மணலில் திரும்ப ஊன்றிவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் தொழிலுக்குப் போகப் பிந்திவிட்டது. அதற்காக அவர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை.

அந்தக் கூட்டுக்குள்தான் நான் சொல்ல வந்த விடயம் இருக்கிறது. முத்துச்சிப்பியின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து வேறிடம் போய் ஒட்டும். சங்குக்குஞ்சு மிதக்காது. ஓட்டோடு வெளியே வந்து, பிறந்த மணலிலேயே ஊரும். ஓரிடத்துச் சங்கை வழித்தெடுத்தால், இன்னோரிடத்துக் குஞ்சு மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது. இழுவைமடி, அதாவது படகு கடலடியில் இழுத்துக்கொண்டு போகிற வலை, மணலை உழுதுகொண்டு போகும்போது தாய், கூடு, சாதாளை மூன்றும் ஒன்றாகப் போகின்றன. 2017இல் இலங்கைச் சட்டம் இழுவைமடியைத் தடைசெய்தது. ஆனாலும் அக்கரை இந்தியாவிலிருந்து வருகிற படகும் இக்கரையில் இழுக்கிற படகும் நின்றபாடில்லை. யார் இழுத்தாலும் மணல் ஒன்றுதான். சங்கிலே விட்டால்தான் தீர்த்தம் என்கிறோமே, சங்கே இல்லாவிட்டால் எதிலே விடப்போகிறோம்?

வலம்புரியைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். இதைமட்டும் பாருங்கோ. கொல்லரிடம் சொல்லிச் செய்வித்த 70 மில்லிமீற்றர் வளையம். இதற்குள்ளால் நுழைகிற சங்கை எடுக்கக்கூடாது என்பதுதான் சட்டம். சங்கு நிறுக்கிற ஒவ்வொரு இடத்திலும் தராசுக்குப் பக்கத்தில் இப்படி ஒன்று தொங்கவேணும். நுழைந்த சங்கு, உயிரோடு இருக்கும்போதே, எடுத்த இடத்துக்குத் திரும்பவேணும். பத்து வளையம் கொண்டுவந்திருக்கிறேன், சங்கத்துத் தம்பிமார் இன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கோ. இழுவைமடிக்கு எதிரான மனு வாசல் மேசையில் இருக்கிறது. பிரதேச செயலாளர் அம்மாவிடம் இன்றிரவே கையளிக்கிறோம். கையொப்பம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கோ.